புது ரயில் வந்தாச்சு... பழைய ரயில் எங்கே போகும்? பென்னலூரிலிருந்து ஊருக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ‘ரேக்’ கணக்கு

பொங்கலுக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணி. நைட் ஷிஃப்ட் முடித்து அறைக்கு வந்தவர் தூங்காமல் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் திரையில் வருவது ‘வெயிட்டிங் லிஸ்ட்’. பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பலருக்கும் இது வருஷா வருஷம் நடக்கிற கதை.

“அத்தனை வந்தே பாரத் விட்டிருக்காங்களே, நமக்கு மட்டும் ஏன் சீட் கிடைக்கல?” என்ற கேள்வி அப்போது வரும். நியாயமான கேள்விதான். புது ரயில் ஒன்று வந்தால் பழைய ரயில் எங்கே போகிறது? திருநெல்வேலிக்கு ஒரு மாதிரி ரயில், தென்காசிக்கு வேறு மாதிரி ரயில் ஏன்? சில ரயில்கள் தினமும் ஓடும்போது சில ரயில்கள் ஏன் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் ஓடுகின்றன? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. அந்த இடத்தின் பெயர் ‘ரேக்’.

ரயில் வேறு, ரேக் வேறு

கால அட்டவணையில் நாம் பார்க்கும் வைகை, பல்லவன், நெல்லை என்பதெல்லாம் சேவைகளின் பெயர்கள். அந்தச் சேவையை ஓட்டுவதற்காகக் கோத்து வைத்திருக்கும் பெட்டிகளின் தொகுப்புதான் ரேக். பஸ் ரூட் வேறு, அந்த ரூட்டில் ஓடும் பஸ் வேறு என்பது மாதிரி.

1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர்கேஜ் பாதையில் ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து காலையில் கிளம்பி பிற்பகலில் சென்னை எழும்பூர் வந்து சேர்கிறது. அதே பெட்டிகள் சுத்தம் செய்யப்பட்டு, அன்று பிற்பகலே பல்லவன் எக்ஸ்பிரஸாகக் காரைக்குடிக்குப் புறப்படும். காரைக்குடியிலிருந்து அதிகாலையில் பல்லவனாகக் கிளம்பும் இன்னொரு ரேக், சென்னை வந்த பிறகு வைகையாக மதுரைக்குத் திரும்பும். பெயர்கள் இரண்டு, ஊர்களும் இரண்டு. பெட்டிகளைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே சுற்று. இதைத்தான் ரயில்வேயில் ‘ரேக் ஷேரிங்’ என்கிறார்கள்.

இதில் ஒரு வசதி உண்டு. எழும்பூரில் ஒரு ரேக் நாள் முழுக்கச் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஒரு தொல்லையும் உண்டு. காலையில் பல்லவன் தாமதமாக வந்தால், பிற்பகல் வைகையும் தாமதமாகத்தான் கிளம்பும். காரைக்குடிப் பக்கம் நடந்த கோளாறுக்கு மதுரைக்காரர் பிளாட்பாரத்தில் காத்திருப்பார்.

பகலுக்கு ஒரு ரேக், இரவுக்கு இரண்டு

சென்னை எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் காலை சுமார் 6 மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் 2 மணி வாக்கில் சென்னை வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி கிளம்பி, இரவு பத்தரை மணிக்கு மேல் திருநெல்வேலி போய்விடுகிறது. போக 650 கி.மீ., வர 650 கி.மீ. என்று ஒரே நாளில் ஏறக்குறைய 1,300 கி.மீ. ஓடுவது ஒரே ரேக். பராமரிப்புக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

அதே தூரத்தை இரவில் ஓடும் நெல்லை எக்ஸ்பிரஸால் இப்படிச் செய்ய முடியாது. சென்னையிலிருந்து ஒரு ரேக் இரவில் கிளம்பும்போது, திருநெல்வேலியிலிருந்து இன்னொரு ரேக்கும் இரவில்தான் கிளம்பியாக வேண்டும். ஆகவே தினசரி இரவு ரயிலுக்குக் குறைந்தது இரண்டு ரேக் தேவை. இரண்டுமே பகல் முழுக்க யார்டில் நிற்கும். பராமரிப்புக்குப் போக மிஞ்சும் நேரம் வெறும் காத்திருப்புதான்.

ஒரு ரேக்கை வைத்து அதிக கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்றால் பகல் ரயிலே லாபம். ஆனால், ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு எது லாபம்? பிற்பகல் மூன்று மணிக்கு எழும்பூரில் இருக்க வேண்டுமென்றால் பென்னலூரிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு அன்றைய ஜெனரல் ஷிஃப்ட் போச்சு. ஒரு நாள் லீவு போட வேண்டும், அல்லது சம்பளத்தை விட வேண்டும். மாலை வேலை முடித்து, இரவு ரயிலேறி, காலையில் ஊரில் இறங்குவதுதான் அவருக்குச் சரிப்படும். ரயில்வேயின் கணக்கும் பயணியின் கணக்கும் முட்டிக்கொள்கிற முதல் இடம் இது.

வாரத்துக்கு மூன்று நாள் ரயில்களின் ரகசியமும் இதே கணக்குதான். தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் தொடக்கத்தில் வாரம் ஒருமுறை ஓடியது. பிறகு மூன்று முறையானது. தாம்பரத்திலிருந்து ஞாயிறு, செவ்வாய், வியாழன். செங்கோட்டையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி. இந்த நாள்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஞாயிறு போய், திங்கள் கிளம்பி, செவ்வாய் மறுபடி போய்... ஒரே ரேக்கை வைத்து இந்த அட்டவணையை ஓட்டிவிடலாம். சனிக்கிழமை பராமரிப்புக்கு மிச்சம். இதைத் தினசரி ஆக்க வேண்டுமென்றால் இன்னொரு ரேக் வேண்டும், அதைக் கழுவிச் சரிபார்க்க பிட் லைனில் இடம் வேண்டும், ஓட்ட ஊழியர்கள் வேண்டும். ‘ஒரு ரயிலைத் தினமும் விட்டால் என்ன?’ என்பது கேட்கச் சின்னக் கேள்வி. செய்வதற்கு அவ்வளவு சின்னது இல்லை.

ஒரே நாள், மூன்று ரயில்கள்

எந்தத் தடத்துக்கு எந்த மாதிரி ரயில் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? 2023 ஏப்ரல் 8 அன்று சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்த மூன்று சேவைகள் இதற்கு நல்ல உதாரணம்.

முதலாவது, சென்னை–கோவை வந்தே பாரத். ஏறக்குறைய 495 கி.மீ. தூரம். மின்மயமான இரட்டைப் பாதை. சென்னைக்கும் கோவைக்கும் இடையே அன்றாடம் வேலை விஷயமாகப் போய்வரும் கூட்டம், கூடுதல் கட்டணம் கொடுக்கத் தயாராக இருக்கும் கூட்டம். பகலில் உட்கார்ந்தே போய்விடக்கூடிய தூரம். எனவே இருக்கை மட்டும் கொண்ட, வேகமாக வேகமெடுத்து வேகமாக நிற்கக்கூடிய ரயில் அங்கே பொருந்துகிறது.

இரண்டாவது, மேலே சொன்ன தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ். இது விழுப்புரத்திலிருந்து நேராகத் திருச்சிக்குப் போகாமல் மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, விருதுநகர், தென்காசி என்று சுற்றிப் போகிறது. வேகம் இங்கே முக்கியமில்லை. நேரடி இரவு ரயில் இல்லாத ஊர்களைச் சென்னையோடு கோப்பதுதான் நோக்கம். திருவாரூர்–காரைக்குடி பாதை அகலப்பாதையாகி 2019-ல்தான் திறக்கப்பட்டது. அப்போது அங்கே மின்கம்பி கிடையாது. அதனால் டீசல் இன்ஜின் இழுக்கும் சாதாரண எக்ஸ்பிரஸ் பெட்டிகளே சரி.

மூன்றாவது, திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பயணிகள் ரயில். மொத்தமே 37 கி.மீ. அந்தத் தடத்துக்கு வந்தது டெமு. அதாவது டீசலில் ஓடும், இன்ஜின் தனியாகத் தேவைப்படாத ரயில். கடைசி நிலையத்தில் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டாம். டிரைவர் மறுமுனைக்கு நடந்துபோய் உட்கார்ந்தால் போதும். சின்னத் தடத்தில், அடுத்தடுத்து நிற்கும் சேவைக்கு அதுதான் செலவு குறைவு. மின்மயமான தடங்களில் இதே வேலையைச் செய்வது மெமு.

ஆக, தூரம், மின்கம்பி, இரட்டைப் பாதையா ஒற்றைப் பாதையா என்பது, பகலா இரவா, யார் ஏறுகிறார்கள், எங்கே பராமரிப்பது என ஆறேழு கேள்விகளுக்குப் பதில் எழுதினால் ரயிலின் வகை தானாகவே வந்து நிற்கும். ஒரு ஊருக்கு வந்தே பாரத் வரவில்லை என்பது எப்போதும் புறக்கணிப்பு ஆகாது. சில நேரம், அந்த ஊருக்கு உண்மையிலேயே தேவை ஒரு தினசரி இரவு ரயிலாக இருக்கும்.

தடமே சில நேரம் கறாராக இருக்கும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் சரிவும் வளைவும் அதிகம். அங்கே ஒரு ரயிலில் 14 பெட்டிகளுக்கு மேல் அனுமதி இல்லாமல் இருந்தது. சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு 2024-ல்தான் அது 18 ஆனது. தென்காசி வழியாகக் கேரளம் போகும் ரயிலில் ‘இன்னும் நாலு பெட்டி சேர்க்கக் கூடாதா?’ என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டவர்களுக்கு, மலையிடமிருந்தே அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி: ஏன் மொத்தமாக மாற்றுகிறார்கள்?

சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அங்கே உருவான பெட்டிகள்தான் பல தலைமுறைகளாக நாம் ஏறி இறங்கிய நீலப் பெட்டிகள். 2018 ஜனவரியில் அந்த வகையின் கடைசிப் பெட்டியை ஐ.சி.எஃப். அனுப்பிவைத்தது. அதன்பிறகு தயாராவது எல்லாம் ஜெர்மன் தொழில்நுட்பம் கொண்ட எல்.ஹெச்.பி. வகை. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் பார்த்திருப்பீர்கள்.

வித்தியாசம் நிறத்தில் மட்டும் இல்லை. விபத்து நேர்ந்தால் எல்.ஹெச்.பி. பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதபடி இணைப்பு அமைந்திருக்கிறது. டிஸ்க் பிரேக் உண்டு. பழைய பெட்டி மணிக்கு 110 கி.மீ. வரைதான் ஓட முடியும். எல்.ஹெச்.பி. 130 வரை ஓடுகிறது. சென்னை–ஜோலார்பேட்டை, சென்னை–கூடூர் போன்ற தடங்களில் இப்போது 130 கி.மீ. வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடத்தில் 110-ஐத் தாண்ட முடியாத ஒரு ரேக் முன்னால் போனால், பின்னால் வரும் வேகமான ரயிலும் மெதுவாகத்தான் வர வேண்டும். எனவே பிரதான தடங்களிலிருந்து பழைய ரேக்குகளை முதலில் எடுக்கிறார்கள்.

இடமும் கூடுகிறது. ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை இருந்த இடத்தில் 80. மூன்றடுக்கு ஏ.சி.யில் 64 இருந்த இடத்தில் 72. ஆனால் எல்.ஹெச்.பி. பெட்டி நீளம் அதிகம். 24 பழைய பெட்டிகள் நின்ற பிளாட்பாரத்தில் 22 புதுப் பெட்டிகள்தான் நிற்கும். 24 பெட்டி ரயிலை 22 ஆக்கினார்கள் என்று கோபப்படும் முன் எந்தெந்தப் பெட்டி குறைந்தது என்று பார்ப்பது நல்லது. குறைந்தவை ஸ்லீப்பரோ முன்பதிவில்லா பெட்டியோ என்றால் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல்: இரண்டு வகைப் பெட்டிகளின் இணைப்பும் வேறு வேறு. ஒரு ரேக்கில் பாதி பழசு, பாதி புதுசு என்று கோக்க முடியாது. மாற்றினால் முழு ரேக்கையும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று ரயில்கள் ரேக்கைப் பகிர்ந்துகொண்டால் அந்தச் சுற்றில் உள்ள எல்லா ரேக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உங்கள் ஊர் ரயில் இன்னும் நீலமாகவே இருப்பதற்கு உங்கள் ஊர் மட்டும் காரணமாக இருக்காது. அதனோடு கூட்டாளியாக ஓடும் வேறொரு ஊர் ரயிலுக்கும் சேர்த்துப் பெட்டிகள் கிடைக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

படிப்படியாகக் கைமாறும் ரயில்கள்

புது ரேக் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, கூட்டம் அதிகமுள்ள தடத்துக்குப் புதுசு வரும். அங்கிருந்து விடுபட்டது அடுத்த தடத்துக்குப் போகும். அங்கிருந்து விடுபட்டது அதற்கடுத்த தடத்துக்கு.

வந்தே பாரத்திலேயே இதைப் பார்க்கலாம். திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கியபோது 8 பெட்டிகள், 530 இருக்கைகள். எப்போதும் நிரம்பி வழிந்ததால் 2025 ஜனவரியில் 16 பெட்டிகள், 1,128 இருக்கைகள் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் 20 பெட்டிகள், 1,440 இருக்கைகள். ஏன் எட்டிலிருந்து பத்து, பன்னிரண்டு என்று கூட்டிக்கொண்டே போகவில்லை? வந்தே பாரத்தில் தனி இன்ஜின் கிடையாது. நான்கு பெட்டிகள் சேர்ந்தது ஓர் அலகு. இழுக்கும் மோட்டார்கள் அந்தப் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. கூட்டம் அதிகம் என்று பண்டிகை நாளில் ஒரே ஒரு பெட்டியைக் கடைசியில் மாட்டிவிட முடியாது. பழைய பாணி எக்ஸ்பிரஸ் ரயிலில் அது முடியும். அதன் பெரிய பலமே அதுதான்.

2025-ல் ரயில்வே ஏழு வந்தே பாரத் ரயில்களைப் பெரிதாக்கப்போவதாக அறிவித்தது. மங்களூரு–திருவனந்தபுரம், செகந்திராபாத்–திருப்பதி, சென்னை–திருநெல்வேலி ஆகிய மூன்றும் 16-லிருந்து 20 பெட்டிகள். மதுரை–பெங்களூரு, தியோகர்–வாரணாசி, ஹவுரா–ரூர்கேலா, இந்தூர்–நாக்பூர் ஆகிய நான்கும் 8-லிருந்து 16. பெரிய தடத்தில் 20 பெட்டி ரயில் வந்தால் 16 பெட்டி ரேக் விடுபடும். அது வரும் இடத்தில் 8 பெட்டி ரேக் விடுபடும். அந்த 8 பெட்டி ரேக்கை வைத்து இதுவரை இல்லாத ஒரு புதுத் தடத்தில் சேவை தொடங்கலாம். மேலே ஒரு ரயில் வந்தால், கீழே மூன்று ஊர்களுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். பிரிட்டனில் 1976-லிருந்து லண்டனிலிருந்து மேற்கு நோக்கி ஓடிய அதிவேக டீசல் ரயில்களுக்குப் பதில் புது ரயில்கள் வந்ததும், பழையவற்றைச் சிறிய தொகுப்புகளாக்கி 2018 முதல் ஸ்காட்லாந்து நகரங்களுக்கு இடையே ஓட்டினார்கள். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் புறநகர் ரயில்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் டோக்கியோவில் ஓடியவை. ஆனால் ஸ்காட்லாந்து அனுபவம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது: பழைய ரயிலுக்குத் தானியங்கிக் கதவு, சரியான கழிப்பறை என்று எல்லாம் செய்து முடிப்பதற்குள் திட்டமிட்ட தேதி தள்ளிப்போனது. கைமாறி வரும் ரயில் இலவசமாக வருவதில்லை. அதைச் சரிசெய்யப் பணமும் நேரமும் ஒதுக்காவிட்டால், இரண்டாம் நிலைத் தடங்களுக்குக் கிடைப்பது உடைந்த ஜன்னலும் தண்ணீர் வராத குழாயும்தான்.

யாருடைய கூட்டம் கணக்கில் வருகிறது?

எந்தத் தடத்தில் கூட்டம் அதிகம் என்று ரயில்வேக்கு எப்படித் தெரியும்? முன்பதிவு விவரம், வெயிட்டிங் லிஸ்ட் நீளம், இருக்கைகள் எத்தனை சதவீதம் நிரம்பின என்ற கணக்கு. இவையெல்லாம் கம்ப்யூட்டரில் தெளிவாகத் தெரியும். பெட்டிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்த எண்களை வைத்துத்தான்.

ஆனால், முன்பதிவில்லா டிக்கெட்டில் வழக்கமாக ரயில் எண் இருக்காது. தாம்பரத்தில் எத்தனை பேர் மதுரைக்கு டிக்கெட் வாங்கினார்கள் என்று தெரியும். அவர்கள் எந்த ரயிலில், எந்தப் பெட்டியில், கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு போனார்கள் என்பது அந்த எண்ணில் தெரியாது. கடைசி நேரத்தில் லீவு உறுதியாகி, முன்பதிவே செய்ய முடியாமல் ஜெனரல் பெட்டியில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளியின் நெரிசல், ஏ.சி. பெட்டியின் வெயிட்டிங் லிஸ்ட் அளவுக்குத் துல்லியமாகப் பதிவாவதில்லை. பார்க்க முடிகிற கூட்டத்துக்குத்தான் பெட்டி போகும்.

22 பெட்டிகள் கொண்ட மெயில்/எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏ.சி. இல்லாத ஸ்லீப்பர், முன்பதிவில்லா பெட்டிகள் சேர்த்து 12, ஏ.சி. பெட்டிகள் 8 என்பதுதான் நடைமுறைக் கொள்கை என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உங்கள் ஊர் ரயிலில் எத்தனை இருக்கிறது என்று அடுத்த முறை பிளாட்பாரத்தில் எண்ணிப் பார்க்கலாம். ரயில் பெயர் மாறாமல், நேரம் மாறாமல், உள்ளே இருக்கும் பெட்டிகளின் விகிதம் மாறினாலே அந்த ரயில் யாருக்கானது என்பது மாறிவிடும்.

தொழிலாளர்களை மனதில் வைத்து ரயிலைத் தேர்ந்தெடுத்த உதாரணங்களும் உண்டு. 2018-ல் தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தொடங்கி, பிறகு நாகர்கோவில் வரை நீட்டிக்கப்பட்ட அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் முழுக்க முன்பதிவில்லா ரயில். இரவில் கிளம்புகிறது. ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் வந்து சேரும் தொழிலாளிக்கு எழும்பூர் வரை போகும் அலைச்சல் இல்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் பயணிக்கும் நீண்ட தடங்களுக்காக, ஏ.சி. இல்லாத 22 பெட்டிகளும் இரு முனையிலும் இன்ஜினும் கொண்ட அம்ரித் பாரத் ரயில்கள் 2023 டிசம்பர் 30 முதல் ஓடுகின்றன. 2025 செப்டம்பரில் ஈரோட்டுக்கும் பீகாரின் ஜோக்பனிக்கும் இடையே அப்படி ஒன்று தொடங்கியது. வந்தே பாரத் அளவுக்குப் பேசப்படாத ரயில்கள் இவை. சுமப்பது என்னவோ பெரிய கூட்டத்தை.

முடிவு எடுப்பது யார்? யாரிடம் கேட்பது?

புதிய ரயில், நிரந்தரமாக நாள்களைக் கூட்டுவது, தடத்தை நீட்டிப்பது ஆகியவற்றுக்கு டெல்லியில் உள்ள ரயில்வே வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். பண்டிகைச் சிறப்பு ரயில், தற்காலிகமாக ஒன்றிரண்டு பெட்டிகளைச் சேர்ப்பது போன்றவற்றைத் தெற்கு ரயில்வே போன்ற மண்டலங்களே செய்யலாம். பொங்கல், தீபாவளி சிறப்பு ரயில்கள் பெரும்பாலும் புதிதாக வந்தவை அல்ல. வாராந்திர ரயில்களின் ஓய்வு நாளில் யார்டில் நிற்கும் ரேக்குகளையும் உபரிப் பெட்டிகளையும் வைத்து ஓட்டப்படுபவை. அதனால்தான் சில சிறப்பு ரயில்கள் வசதியில்லாத நேரத்தில் கிளம்புகின்றன. பயணிக்கு வசதியான நேரம் பார்த்து அல்ல, ரேக் சும்மா இருக்கும் நேரம் பார்த்து அவை அமைகின்றன.

மண்டல அளவிலும் கோட்ட அளவிலும் ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. பயணிகள் சங்கங்களும் தொழில் அமைப்புகளும் கோரிக்கை வைக்கும் இடம் அது. ‘எங்க ஊருக்கு ஒரு ரயில் வேணும்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘இந்த ரேக் இந்த யார்டில் இத்தனை மணி நேரம் நிற்கிறது, அதை வெள்ளி இரவு தாம்பரத்திலிருந்து ஓட்டலாம்’ என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். தொழிற்சாலைகளிடமும் ஒரு பங்கு இருக்கிறது. எத்தனை பேர், எந்த மாவட்டம், எந்த ஷிஃப்ட், எப்போது விடுமுறை என்பது அவர்களிடம் இருக்கும் தகவல். அது ரயில்வேயிடம் போய்ச் சேர்ந்தால், டிக்கெட் எண்களில் தெரியாத கூட்டம் கண்ணுக்குத் தெரியும்.

பென்னலூர் வழியாக ரயில் வருமா?

ஸ்ரீபெரும்புதூரில் இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய பாதை என்ற திட்டம் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுகிறது. அது வந்தால், ஆவடி வழியாக மேற்கே போகும் தடத்தையும் கூடுவாஞ்சேரி வழியாகத் தெற்கே போகும் தடத்தையும் இந்தத் தொழிற்பகுதி நேராகத் தொடும். அதுவரை பஸ் பிடித்துத் தாம்பரம், இல்லாவிட்டால் திருவள்ளூர், காஞ்சிபுரம்.

இந்தப் பகுதிக்கு அருகில் இருக்கும் பாதைகளில் ஒன்று, செங்கல்பட்டு–அரக்கோணம் ஒற்றைப் பாதை. காஞ்சிபுரம் வழியாகச் செல்லும் இரண்டாம் நிலைத் தடம். அதில் வாலாஜாபாத் என்றொரு நிலையம். இங்குள்ள ஆலைகளில் தயாரான கார்கள் அங்கேதான் ரயில் ஏறி நாட்டின் பல மூலைகளுக்கும் போகின்றன.

கார்களை ஏற்றிச் செல்லும் அந்த வண்டிகளில் ஒரு வகையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பழகிய உருவமாகத் தெரியும். ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கும் நீலப் பயணிகள் பெட்டிகளின் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, முனையில் கதவு வைத்துக் கார் ஏற்றும் பெட்டிகளாக மாற்றியிருப்பார்கள். என்.எம்.ஜி. என்று பெயர். ஒரு ரேக்கில் 25 பெட்டிகள், ஒரு பெட்டியில் ஐந்து சிறிய கார்கள் வரை.

பிரதான தடத்தில் தொடங்கி, இரண்டாம் நிலைத் தடத்துக்கு மாறி, கடைசியில் சரக்குப் பெட்டியாகும் ஒரு பெட்டியின் முழு ஆயுளும் அதில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலை தேடிப் பலரை ஏற்றி வந்த அதே வகைப் பெட்டி, அவர்கள் செய்த காரை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. காருக்காக வாலாஜாபாத் வரை ரேக் வருகிறது. காரைச் செய்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை இரவு ஒரு ரேக்கை இந்தப் பக்கம் ஒதுக்க முடியுமா என்பதுதான், அடுத்த பொங்கலுக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி.